மாரிக்கு முன் ஒரு பிடி விதை: வீட்டிலேயே முளைக்க வைப்பது எப்படி?

பண்டத்தரிப்பு, சில்லாலை, மாதகல் பக்கத்து வளவுகளில் விதை முளைக்க வைப்பது புதிய வித்தை அல்ல. பனங்காய்க் காலத்தில் பொறுக்கிய கொட்டைகளைப் பாத்தியில் அடுக்கி, மண் போட்டு மூடி, மூன்று நான்கு மாதத்தில் கிழங்கு கிண்டுவது எங்களுக்குப் பழகிய வேலை. ஆனால் கத்தரி, மிளகாய், வெண்டி என்று வரும்போது அதே வீடுகளில் பல இன்று கடைப் பக்கற்றையே நம்பியிருக்கின்றன.

முன்பு முற்றிய காயை அடுப்படியில் கட்டித் தொங்கவிட்டும், விதையைச் சாம்பலில் பிரட்டிப் போத்தலில் அடைத்தும் வைத்தார்கள். அந்தத் தொடர்ச்சியை அறுத்தவற்றில் இடப்பெயர்வுக்குப் பெரிய பங்கு உண்டு. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் மக்கள் வீட்டை விட்டு நடந்தபோது அது மாரி விதைப்புக் காலம். வலிகாமம் வடக்கின் பல கிராமத்தவர்கள் 1990இல் வெளியேறி, இரண்டு பதிற்றாண்டுகளுக்கு மேல் காணிக்குத் திரும்ப முடியாமல் இருந்தார்கள். விதை உயிருள்ள பொருள். சில ஆண்டுகள் விதைக்காமல் விட்டால் பெரும்பாலான மரக்கறி விதைகளின் முளைதிறன் போய்விடும். காணி திரும்பக் கிடைத்தாலும் அந்த விதை திரும்பாது.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. சிரியாவின் அலெப்போ நகருக்கு அருகே, வறண்ட நிலப் பயிர்களுக்கான சர்வதேச ஆய்வு நிலையமான இக்காடாவின் விதை வங்கி இருந்தது. போர் அந்த இடத்தைப் பயன்படுத்த முடியாமல் ஆக்கியது. ஆனால் அதன் விதைகளின் பிரதிகள் முன்னரே நோர்வேயின் ஸ்வால்பார்ட் விதைப் பெட்டகத்துக்கு அனுப்பப்பட்டிருந்தன. 2008இல் திறக்கப்பட்ட அந்தப் பெட்டகத்திலிருந்து முதன்முதலாக விதை திரும்ப எடுக்கப்பட்டது 2015இல், இந்த நிலையத்துக்காகவே. லெபனானிலும் மொறோக்கோவிலும் அவை மீண்டும் விதைக்கப்பட்டன. விதையை ஒரே இடத்தில் வைக்கக்கூடாது என்பதே அதன் பாடம். எங்கள் அளவில் ஸ்வால்பார்ட் என்பது அடுத்த ஊரில் இருக்கும் சகோதரியின் வீடாக இருக்கலாம்.

எந்த விதை?

கலப்பினப் பக்கற் விதையில் வந்த காயிலிருந்து எடுக்கும் விதை, தாய்ச் செடியைப் போலவே வரும் என்று நம்ப முடியாது. ஆகவே அயலில் தலைமுறையாக வரும் நாட்டு இனங்களைத் தேடுங்கள். நோயில்லாத, நன்றாகக் காய்க்கும் நாலைந்து செடிகளைத் தெரிந்து, அவற்றில் சில காய்களை விதைக்கென்றே விட்டுவிடுங்கள். கத்தரி மஞ்சளாகும் வரையும், மிளகாய் நன்கு சிவக்கும் வரையும், வெண்டியும் பயிற்றையும் செடியிலேயே காயும் வரையும் நிற்கட்டும். தக்காளி விதையைச் சாற்றோடு இரண்டு நாள் புளிக்கவிட்டுக் கழுவினால் அதைச் சுற்றியுள்ள வழுவழுப்பு நீங்கும். பப்பாசி விதையின் மேல் உள்ள சவ்வு முளைப்பைத் தடுக்கும். சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.

விதையை நிழலில் உலர்த்தி ஜாம் போத்தலில் இறுக மூடுங்கள். அடியில் வறுத்து ஆறவைத்த ஒரு பிடி அரிசியைத் துணியில் முடிந்து போட்டால் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். வெளியே பெயரும் ஆண்டும் எழுதுங்கள். விதைக்குப் பகை ஈரமும் சூடும்.

முளைதிறன் பார்த்தல்

மழையை நம்பி விதைத்த பின் ஏமாறுவதைவிட முன்கூட்டியே சோதிப்பது நல்லது. 20 விதைகளை எண்ணி, ஈரமான பருத்தித் துணியில் இடைவெளி விட்டுப் பரப்பிச் சுருட்டுங்கள். அதைச் சொப்பிங் பையில் இட்டு, காற்றுப் போக வாய் திறந்தபடி நிழலில் வையுங்கள். துணி காயவும் கூடாது, தண்ணீர் சொட்டவும் கூடாது.

பயிற்றை 3 முதல் 5 நாளிலும், வெண்டி 5 முதல் 7 நாளிலும், தக்காளி 5 முதல் 8 நாளிலும், கத்தரி 7 முதல் 10 நாளிலும் முளைக்கும். மிளகாய்க்கு இரண்டு கிழமை வரை பொறுத்திருங்கள். 16 முளைத்தால் முளைதிறன் 80 வீதம், தயங்காமல் விதைக்கலாம். பாதிதான் முளைத்தால் இரண்டு மடங்கு விதை போடுங்கள். நாலைந்துதான் என்றால் வேறு விதை தேடுங்கள்.

ஊறவைத்தல்

வெண்டி, பாகல் போன்ற தடித்த தோல் விதைகளை ஓர் இரவு ஊறவைக்கலாம். ஒரு நாளுக்கு மேல் தண்ணீரில் கிடந்தால் விதை மூச்சுமுட்டி அழுகும். கடலை அண்டிய கிணறுகளில் கோடை முற்றும்போது உவர் ஏறும். உவர்த் தண்ணீரில் விதையால் போதிய ஈரத்தை இழுக்க முடியாது; முளைக்கும் பருவத்திலும் நாற்றுப் பருவத்திலும்தான் செடி உப்புக்கு மிகவும் நலியும். பிடித்து வைத்த மழைத் தண்ணீர் இருந்தால் அதை நாற்றுக்கென்று ஒதுக்குங்கள்.

நாற்று வளர்த்தல்

மண், மணல், மக்கிய கூட்டெரு மூன்றையும் சம அளவில் கலந்து அரித்தெடுங்கள். தும்புச்சோறு சேர்த்தால் ஈரம் நிற்கும். கலவையை நனைத்து, தெளிந்த பொலித்தீனால் மூடி, மூன்று நான்கு கிழமை கடும் வெயிலில் விட்டால் நோய்க் கிருமிகளும் களை விதைகளும் பெருமளவு அழியும். அடியில் துளையிட்ட யோக்கட் கப் நல்ல நாற்றுச் சாடி. விதையின் தடிப்பைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழமே போதும்.

மேலே வைக்கோல் பரப்பி, முளை தெரிந்ததும் எடுத்துவிடுங்கள். எறும்பு வராமல் சுற்றிலும் சாம்பல் தூவலாம். நாற்றுகள் அடியில் கறுத்துச் சாய்ந்தால் காரணம் பெரும்பாலும் நெருக்கமும் அதிக தண்ணீரும்தான். தக்காளியை மூன்று கிழமையிலும், கத்தரியை நான்கு கிழமையிலும், மிளகாயை ஐந்து கிழமையளவிலும் மாலை வேளையில் நடலாம்.

குடாநாட்டின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஒக்ரோபருக்கும் டிசெம்பருக்கும் இடையில் விழுகிறது. எனவே ஆவணி, புரட்டாதியில் நாற்றுப் போடுங்கள். மாரியில் பாத்தியை அரை அடி உயர்த்துங்கள். கோடையில் பள்ளமாக்கி வரம்பு கட்டுங்கள். பாலைநிலத் தோட்டக்காரர்களும் தண்ணீரை வேரடியில் நிறுத்த இப்படிப் பள்ளப் பாத்திகளையே கட்டுகிறார்கள்.

ஏன் சேதன முறை?

1990களின் பொருளாதாரத் தடையில் இங்கே இரசாயனப் பசளை வருவது தடுக்கப்பட்டது. 2021 மே மாதத்தில் நாடு முழுவதற்கும் அதன் இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, விளைச்சல் விழுந்து, நவம்பரில் தடை விலக்கப்பட்டது. கட்டளையால் ஓர் இரவில் சேதன விவசாயம் வந்துவிடாது. ஆனால் வீட்டுத் தோட்டத்துக்கு அதைச் செய்யக் காரணம் கிணற்றடியிலேயே இருக்கிறது. இங்கே குடிநீரும் பாசன நீரும் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் ஒரே நிலத்தடி நீர்தான். மண்ணில் அளவுக்கு மீறிக் கொட்டும் யூரியா, நைத்திரேற்றாகக் கரைந்து அதே கிணற்றுக்கு இறங்கும்.

இந்த மாரிக்கு ஒரேயொரு பயிரின் விதையை எடுத்துச் சோதித்து வையுங்கள். அதில் பாதியை இன்னொரு வீட்டுக்குக் கொடுங்கள். ஒரு வீட்டில் அழிந்தாலும் மற்ற வீட்டில் அது இருக்கும்.