சிறார்க்குப் பாட்டு: மயிலை, அடையாற்று வரலாற்றில் சில ஏடுகள்

யூபிலி மலருக்கென்று நம் பங்கின் பழைய நிழற்படங்களைத் தேடி எடுத்தபோது ஒன்று நம் கண்ணை உறுத்தியது. படத்துக்குப் படம் பாடகர் குழுவில் தலைகள் நரைத்துக்கொண்டே வருகின்றன. முன்வரிசையில் அரைக்கால்சட்டையும் பாவாடையுமாக நின்ற சிறார் ஒவ்வொருவராகக் குறைந்து, அண்மைக் காலப் படங்களில் ஒருவர்கூட இல்லை. பிள்ளைகளுக்குப் பக்தி குறைந்துவிட்டது என்று சிலர் காரணம் கூறுவர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. பாடச் சொல்லிக்கொடுப்பதை நிறுத்தியவர்கள் நாம்தாம். கோயில் கட்டிய கதையையும் மணி வாங்கிய கதையையும் வேறு அன்பர்கள் எழுதுகிறார்கள். நாம் இந்தக் கதையை எடுத்துக்கொண்டோம்.

மேலை நாட்டில் சுரங்களுக்குப் பெயர் வைத்ததே சிறுவரை எண்ணித்தான். 11-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த ஆசீர்வாதப்பர் சபைத் துறவி அரெஸ்ஸோ நகரத்துக் கீதோ, ஸ்நாபக அருளப்பர் திருநாள் கீதத்திலிருந்து ஒவ்வோர் அடியின் முதல் அசையையும் எடுத்து, 'உத், ரே, மி' என்று சிறுவர்க்குப் பாடம் வைத்தார். முன்பின் கேட்டறியாத பாட்டையும் சிறுவர் மூன்று நாளைக்குள் பாடிவிடுகிறார்கள் என்று நண்பர் ஒருவருக்குக் கடிதமும் எழுதியிருக்கிறார். நம் நாட்டிலோ 16-ஆம் நூற்றாண்டில் புரந்தரதாசர் சரளி வரிசையை வகுத்துக் கொடுத்தார் என்பது மரபு. இரு வழியும் முதலில் குழந்தையின் செவியைத்தான் திறக்கப் பார்த்தன.

புனித பத்தாம் பத்திநாதர் 1903 நவம்பர் 22, புனித செசிலியா திருநாளன்று, திருவழிபாட்டு இசை பற்றி ஓர் ஆணை விடுத்தார். பேராலயங்கள் மட்டுமல்ல, சிறிய கிராமப் பங்குகளும் பாடற்பள்ளி நடத்தலாம். அதனால் சிறாரும் பெரியோரும் குருவானவரைச் சுற்றித் திரள்வர் என்று அதில் எழுதினார். உச்சக் குரலுக்குச் சிறுவரையே வைக்க வேண்டும், பெண்கள் பாடகர் குழுவில் கூடாது என்றும் சொல்லியிருந்தார். இன்று நம் குழுவைத் தாங்கி நிற்பவர்கள் பெண்களே. அவர் விண்ணிலிருந்து கேட்டுப் பொறுத்துக்கொள்வார் என்று நம்புகிறோம்.

அக்காலத்தில் நம் பெரியோர்கள் கற்றதெல்லாம் கேள்வி ஞானமே. உபதேசியார் ஓர் அடி பாட, பிள்ளைகள் அதைத் திருப்பிப் பாடுவார்கள். 'தாந்தும் எர்கோ'வுக்குப் பொருள் தெரியாது. ஆனால் சுருதி தப்பாது. பொருள் தெரியாமல் பாடியது பெருமைக்குரியதன்று. எனினும் தினமும் பாடியதால் காது பழகிற்று என்பதை மறுப்பதற்கில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-இல் திருவழிபாட்டுச் சாசனத்தை வெளியிட்டது. தாய்மொழிக்கு அது வழிதிறந்ததை எல்லாரும் அறிவர். அதன் 115-ஆம் பத்தி குருமடங்களோடு கத்தோலிக்கப் பள்ளிகளிலும் இசை கற்பித்தலுக்கு முக்கியத்துவம் தரச் சொல்வதும், 119-ஆம் பத்தி அந்தந்த நாட்டு இசையை ஆலயத்தில் மட்டுமன்றிப் பள்ளியிலும் வளர்க்கச் சொல்வதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தமிழ்க் கத்தோலிக்கருக்கு இது புதிதுமன்று. மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1878-லேயே 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'களை வெளியிட்டிருந்தார். தமிழில் பாடத் தொடங்கினோம், நல்லதே. ஆனால் சங்கம் சொன்னவற்றில் பள்ளியைப் பற்றிய பாதியை விட்டுவிட்டோம்.

இத்தனைக்கும் வழிகாட்டிகள் நம் அண்டையிலேயே இருந்தார்கள். 1931-இல் சங்கீத வித்வத் சபையார் இசையாசிரியர்களைப் பயிற்றுவிக்கவே கல்லூரி தொடங்கி, டைகர் வரதாச்சாரியாரை முதல்வராக அமர்த்தினர். 1939 நவம்பரில், அன்றைய எல்பின்ஸ்டன் பாலத்துக்கு அப்பால் அடையாற்றுப் பிரம்மஞான சபைக்கு வந்திறங்கினார் மரியா மாண்டிசோரி அம்மையார். அவர் பிறப்பால் நம் திருச்சபையினர். குழந்தைகளை வழிபாட்டில் ஈடுபடுத்துவது பற்றி ஆழ்ந்து சிந்தித்தவர். ஆல்காட் தோட்டத்தில் சுமார் 300 பேருக்கு அவர் பயிற்சி அளித்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும் அரசாங்கம் அவர் மகனைக் காவலில் வைத்தது. அம்மையாரும் சபை வளாகத்தை விட்டு வெளியேற முடியவில்லை. எனினும் பாடம் நிற்கவில்லை.

அவர் முறையில் இசைக்கு மணிகள் உண்டு. அன்னா மக்கெரோனி என்ற தோழியாரோடு சேர்ந்து உருவாக்கியவை. காளான் வடிவில், எல்லாம் ஒரே அளவாகத் தோன்றும், இரண்டு வரிசை. குழந்தை சிறு சுத்தியலால் ஒரு மணியைத் தட்டி, அதே ஒலியுள்ள இணையை மற்ற வரிசையில் தேட வேண்டும். கண் உதவாது, காதுதான் உதவ வேண்டும். சுரத்தின் பெயரெல்லாம் பிறகுதான். இன்னொன்று மௌனப் பாடம். வகுப்பே அசையாமல் அமர்ந்திருக்க, ஆசிரியை அடுத்த அறையிலிருந்து பெயரை முணுமுணுப்பார். தன் பெயர் கேட்ட பிள்ளை ஓசையின்றி எழுந்து செல்லும். நம் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பின் இரைச்சலை நினைத்தால் இதைத்தான் முதலில் கடன் வாங்க வேண்டும் என்று தோன்றுகிறது!

கோயிலுக்கு வெளியேயும் சேர்ந்து பாடும் கலை வளர்ந்தது. எம். பி. சீனிவாசன் 1971-இல் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை அமைத்தார். பல குரல்கள் இணைந்து ஒலிக்கும் மேலை முறையில் நம் மொழிப் பாடல்களைப் பாடவைத்தார். பள்ளிப் பிள்ளைகளைத் திரள் திரளாகப் பாடவும் செய்தார். 1988-இல் அவர் மறைந்தார். பாடகர் குழு என்பது கோயிலின் சொத்து என்று இறுமாந்திருந்த நமக்கு அது ஒரு பாடம்.

நிற்க. நம் பங்குத் தொடக்கப்பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசிப் பிரிவேளை பாட்டு வகுப்பாகத்தான் இருந்தது. முதலில் பரீட்சை மாதத்தில் மட்டும் கணக்குக்கு இரவல் போயிற்று. பிறகு திரும்பி வரவேயில்லை. பாட்டாசிரியை ஓய்வுபெற்றபின் வேறு ஆள் வைக்கவும் இல்லை. கோயிலில் ஆர்மோனியம் போய்க் கீபோர்டு வந்தது. எந்தச் சுருதியில் தொடங்கினாலும் ஒரு பொத்தானை அழுத்தினால் கருவியே நம்மிடம் வந்துவிடுகிறது. நாம் அதனிடம் போகக் கற்க வேண்டிய தேவை இல்லாமற்போயிற்று. பங்குப்பேரவையில் இதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருந்தவர்களில் நாமும் உண்டு.

யூபிலிக்கு ஆயத்தமாகச் சனிக்கிழமைதோறும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்தோம். மாண்டிசோரி மணிகள் வாங்கப் பணமில்லை. சபா மேடைகளில் ஜலதரங்கம் கேட்டிருக்கிறோமல்லவா? பீங்கான் கிண்ணங்கள் எட்டும் எட்டுமாக இரு வரிசை வைத்து, தண்ணீர் ஊற்றிச் சுருதி சேர்த்தோம். தண்ணீர் கூடினால் ஒலி தாழும். அளவு தெரிந்துவிடாதபடி பிள்ளையின் கண்ணைக் கைக்குட்டையால் கட்டி, நாம் தட்ட, இணை ஒலி வந்ததும் கை தூக்கச் சொன்னோம். முதல் நாள் மூன்று கிண்ணங்கள் உடைந்தன. நான்காம் சனிக்கிழமை பாதிப் பிள்ளைகளுக்குமேல் இணையைப் பிடித்துவிட்டார்கள்; நம்மில் ஒருவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

யூபிலி நன்றித் திருப்பலியில் பதிலுரைப் பாடலை இப்பிள்ளைகளே பாடுகிறார்கள். முன்வரிசையில் பதினொருவர். இருவருக்கு இன்னும் சுருதி சேரவில்லை, அவர்களையும் நிறுத்தியிருக்கிறோம்.