பக்கத்து சீட்டில் யார்?

செங்குன்றம் தாண்டி ஜி.என்.டி. ரோடு வழியாகக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போய் வந்தவர்களுக்குச் சோழவரம் ஓடுதளம் நினைவிருக்கும். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் விமானத்துக்காகப் போட்ட ஓடுதளம் அது. போர் முடிந்தபின் அங்கே பறந்ததெல்லாம் பந்தயக் கார்களும் மோட்டார் சைக்கிள்களும்தான். இருங்காட்டுக்கோட்டையில் தனியாக ரேஸ் பாதை வரும்வரை சோழவரம் ரேஸுக்கு இருந்த மவுசு நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும்.

சமீபத்தில் பேரனோடு அந்தப் பக்கம் போனபோது இதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். அவன் கேட்டான்: "தாத்தா, ஒருத்தர் வீட்டுலயே ஏரோப்ளேன் செஞ்சா, முதல் தடவை ஓட்டிப் பாக்கும்போது நானும் பக்கத்துல உக்காரலாமா?"

சட்டென்று "கூடாது" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் நூறு வருஷத்துக் கதை இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் சென்னையிலிருந்தே ஆரம்பிக்கலாம். மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்தியவர் ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ். 1909 ஜூலை 25 அன்று பிரான்சுக்காரர் லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தி உலகத்தையே கிறங்கடித்தது. அந்த மயக்கத்தில் டி'ஏஞ்சலிஸ் தாமே ஒரு விமானத்துக்கு வரைபடம் போட்டார். அதைக் கட்டிக் கொடுத்தது சிம்ப்சன் கம்பெனி. குதிரை வண்டி கட்டிப் பேர் வாங்கிய கம்பெனி அது. இன்று செம்பியம் பக்கம் போனால் கண்ணில் படுகிற அதே சிம்ப்சன்தான். 1910 மார்ச்சில் அந்த விமானம் பறந்தது. அலகாபாத்தில் விமானம் பறந்தது அந்த வருஷம் டிசம்பரில்தான். நம்மூர் முந்திக்கொண்டது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. தீவுத்திடலில் கட்டணம் வாங்கி ஜனங்களுக்குக் காட்டுவதற்கு முன், பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவர் வந்தார். முதலில் கூட்டம் இல்லாத இடத்தில் சோதனை, பிறகுதான் வேடிக்கை. அந்தக் காலத்தில் இதற்கெல்லாம் சட்டம் கிடையாது. ஹோட்டல்காரருக்கு அந்த நிதானம் எப்படி வந்ததோ!

எல்லாருக்கும் அந்த நிதானம் வாய்க்கவில்லை, அல்லது நிலைமை விடவில்லை. ரைட் சகோதரர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1903 டிசம்பர் 17 அன்று பறந்தபோது விமானத்தில் ஒருவருக்குத்தான் இடம். 1908 மே 14 அன்றுதான் முதல்முறையாக ஒரு துணை ஆளை ஏற்றினார்கள். அவர் அவர்களுடைய மெக்கானிக் சார்லஸ் ஃபர்னாஸ். அதே வருஷம் அமெரிக்க ராணுவம் விமானம் வாங்க முன்வந்தது. இரண்டு பேரைச் சுமந்து பறக்க வேண்டும் என்பது ஒப்பந்த நிபந்தனை. ஆகவே சோதனையின்போது பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்தே ஆகவேண்டிய கட்டாயம்.

1908 செப்டம்பர் 17, வர்ஜீனியா மாநிலத்தில் ஃபோர்ட் மையர் ராணுவ மைதானம். ஆர்வில் ரைட் ஓட்டினார். பக்கத்தில் லெஃப்டினன்ட் தாமஸ் செல்ஃப்ரிட்ஜ், வயது 26. கிரகாம் பெல்லின் குழுவில் இருந்து விமானம் வடிவமைத்தவர், விஷயம் தெரிந்தவர்தான். அந்தப் பயணத்துக்குச் சற்று முன்புதான் பழையதைவிட நீளமான புதிய புரொப்பல்லர்களைப் பொருத்தியிருந்தார்கள். சில சுற்றுகள் சுற்றியதும் ஒரு புரொப்பல்லர் விரிசல் விட்டது. ஆட்டம் கண்டு, பின்பக்கத்துக் கம்பி ஒன்றில் அடித்தது. திசை திருப்பும் பாகம் கட்டுப்பாட்டை இழந்தது. விமானம் மூக்குக் குப்புற விழுந்தது. ஆர்வில் பலத்த காயத்தோடு பிழைத்து ஏழு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். செல்ஃப்ரிட்ஜ் அன்று மாலையே இறந்துபோனார். என்ஜின் விமானத்தில் உயிர்விட்ட முதல் மனிதர் அவர்தான்.

தொழிற்சாலையில் இருந்தவர்களுக்கு இதில் இரண்டு பாடம் தெரியும். ஒரு பாகத்தை மாற்றினால் பழைய மெஷினும் புது மெஷின்தான், மறுபடி ட்ரையல் எடுக்க வேண்டும். இன்னொன்று, ட்ரையல் எடுக்கும்போது வேலை இல்லாத ஆள் பக்கத்தில் நிற்கக் கூடாது. புது மெஷினுக்கு முதல்முறை ஸ்விட்ச் போடும்போது, வேடிக்கை பார்ப்பவர் யாராக இருந்தாலும், பெரிய அதிகாரியாகவே இருந்தாலும், "சார், கொஞ்சம் வெளியே நில்லுங்க" என்று நாமெல்லாம் சொல்லியிருக்கிறோம்.

அமெரிக்காவில் வீட்டில் கட்டும் விமானங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அங்கே இந்தப் பாடத்தைச் சட்டமாகவே ஆக்கினார்கள். கட்டி முடித்ததும் 25 மணி நேரம், என்ஜினும் புரொப்பல்லரும் சான்று பெற்ற ஜோடியாக இல்லாவிட்டால் 40 மணி நேரம், ஜன நெருக்கம் இல்லாத பகுதியில் பறந்து காட்ட வேண்டும். அதுவரை அவசியமில்லாத எவரையும் ஏற்றக் கூடாது. நடைமுறையில் பக்கத்து சீட் காலிதான்.

நல்ல விதிதானே? ஆனால் அதிலும் ஒரு சிக்கல் முளைத்தது. விமானம் கட்டுகிறவர் வருஷக்கணக்கில் கொட்டகையில் ஸ்பானரும் கையுமாக இருக்கிறார். பறக்கும் பழக்கம் விட்டுப்போகிறது. கடைசியில் தன்னந்தனியாக, தான் அறியாத ஒரு விமானத்தில், பெட்ரோல் சரியாக வருகிறதா, சூடு ஏறுகிறதா என்று மீட்டரையும் பார்த்துக்கொண்டு ஓட்டவும் வேண்டும். என்ஜின் கோளாறும், விமானம் கைவிட்டுப் போவதும்தான் இந்த விபத்துகளுக்குப் பெரிய காரணங்கள் என்றும், முதல் சில பயணங்களில்தான் ஆபத்து அதிகம் என்றும் அந்நாட்டு விபத்து விசாரணை வாரியம் 2012-ல் ஓர் ஆய்வில் சொன்னது. 2014-ல் விதியைத் தளர்த்தினார்கள். தகுதியுள்ள இன்னொரு விமானி மட்டும் சோதனைக் காலத்திலேயே கூட உட்காரலாம். ஒருவர் ஓட்ட, ஒருவர் மீட்டர் பார்த்துக் குறிப்பெடுக்கலாம். நண்பர், மச்சான், பேரன் யாருக்கும் இடமில்லை.

அதே 2014-ல் நம் திருநெல்வேலிச் சீமையிலும் ஒன்று நடந்தது. கேரளத்தில் தொடுபுழா பக்கத்துக்காரர் சஜி தாமஸ். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. ஏழாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றது. வருஷக்கணக்கில் உழைத்து, இரண்டு பேர் உட்காரும் ஒரு சின்ன விமானத்தைக் கட்டினார். அதை மணிமுத்தாறில் பறக்கவிட்டுச் சோதித்தவர் ஓய்வுபெற்ற விங் கமாண்டர் எஸ்.கே.ஜே. நாயர். கட்டிய கை ஒன்று, ஓட்டிய கை ஒன்று. ஒவ்வொரு நட்டையும் முடுக்கியவரின் ஆசை எவ்வளவு பெரியதாக இருந்திருக்கும்! ஆனால் முதல் நாள் விமானத்துக்கு வேண்டியது ஆசை இல்லை, ஆகாயத்தில் பழகிய கை. பிற்பாடு இவருடைய கதை 2017-ல் "விமானம்" என்ற மலையாளப் படத்துக்குத் தூண்டுதலாக அமைந்தது.

பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு தேர்ந்தவரானாலும், போகும் உயிர் உயிர்தான். இதையும் சொல்லாமல் விட முடியவில்லை. பெங்களூரில் உருவான சரஸ் விமானம் 2009 மார்ச் 6 அன்று பிடதி அருகே சோதனையின்போது விழுந்தது. அதில் மூன்று பேர். விங் கமாண்டர்கள் பிரவீன் கோடேகொப்பா, தீபேஷ் ஷா இருவரும் விமானிகள். ஸ்குவாட்ரன் லீடர் இளையராஜா சோதனைப் பொறியாளர், குறிப்பெடுக்கும் வேலை அவருடையது. வானத்தில் ஒரு என்ஜினை நிறுத்தித் திரும்ப இயக்கிப் பார்ப்பது அன்றைய சோதனை. திரும்ப இயக்க வகுத்துக் கொடுத்த முறையே தவறு, அதைச் செய்து பார்க்கப் போதிய உயரமும் இல்லை என்று விசாரணை சொன்னது. மூவரும் போய்விட்டார்கள். அவர்கள் வேடிக்கை பார்க்கப் போனவர்கள் இல்லை. மூன்று பேருக்கும் அங்கே வேலை இருந்தது. அந்த வேலைக்கான தாளில் இருந்த தவறு கீழே, தரையில் நடந்தது.

பேரனிடம் இப்போது பதிலைத் திருத்திச் சொல்லியிருக்கிறேன். "உக்காரலாம்டா. ஆனா உனக்கு அங்க ஒரு வேலை இருக்கணும், அந்த வேலை உனக்குத் தெரிஞ்சிருக்கணும். அதுவரைக்கும் நாப்பது மணி நேரம் தாத்தாவோட வேலிக்கு வெளிய நின்னு பாரு."

"நாப்பது மணி நேரமா?" என்று வாயைப் பிளந்தான். உன் வயதில் சோழவரம் ரேஸ் பார்க்க நாங்கள் வெயிலில் நாள் முழுக்க நின்றவர்கள்தான் என்றேன். நம்பவில்லை.