வலசைப் பறவையும் தமிழ்ப் புலவரும்

ரிஷிவந்தியம் கடலைக் காணாத ஊர். எனினும் 1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்திலும், பின்னர் 2019 வரை விழுப்புரம் மாவட்டத்திலும் அவ்வூர் அடங்கியிருந்தமையால், மரக்காணத்தை அடுத்த கழுவெளி அதன் சொந்த மாவட்டத்து நீர்நிலையாகவே நெடுங்காலம் விளங்கிற்று. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இம்மரக்காணப் பகுதியே என்பது அறிஞர் பலர் கருத்து. புரட்டாசி, ஐப்பசித் திங்கள்களில் வடபுலப் பறவைகள் வந்திறங்கும் அவ்வுவர்நீர்ப் பரப்பின் வரலாறு புலவர்க்கும் உரியதாகும்.

புறநானூற்று 67ஆம் பாடலில், குமரித் துறையில் இரை மேய்ந்து வடமலை நோக்கிப் பறக்கும் அன்னத்தை விளித்து, வழியில் உறையூரில் தங்கிக் கோப்பெருஞ்சோழனைக் காணுமாறு வேண்டுகிறார் பிசிராந்தையார். பிற்காலத்துச் சத்திமுற்றப் புலவரோ, மதுரையில் குளிரில் வாடிக் கிடந்தபோது, குமரியாடி வடக்கே மீளும் நாரையிடம் தம் மனைவிக்குச் செய்தி சொல்லி விடுக்கிறார். இருவர் பாடலிலும் பறவை செல்லும் திசை ஒன்றாயிருத்தல் நோக்கத்தக்கது. தென்கோடியில் தங்கி வடக்கே மீளும் வழக்கத்தைத் தமிழர் கண்டறிந்திருந்தனர். அக்காட்சியறிவே கற்பனைக்கு அடித்தளமாயிற்று எனலாம்.

அந்த வடக்கு எத்துணைத் தொலைவு என்பதை இருபதாம் நூற்றாண்டே அளந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் சாலிம் அலியின் வழிகாட்டலில் பறவைகளின் கால்களில் வளையமிட்டு, அவை செல்லும் வழிகளை ஆராய்ந்தனர். 25 கிராம் எடையளவே உள்ள கொசு உள்ளான், வடதுருவத்தை ஒட்டிய பனிவெளியில் முட்டையிட்டுப் பொரித்து, குளிர்காலத்தில் நம் கடற்கரைக்கு வருகிறது. கோடியக்கரை 1967இல் சரணாலயமாயிற்று.

கழுவெளிக்கு அப்பேறு கிட்ட மேலும் 54 ஆண்டுகள் ஆயின. இடைக்காலத்தில் ஆக்கிரமிப்புகள் அதன் விளிம்புகளைக் குறைத்தன. 2021இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024இல் ராம்சர் ஈரநிலமாகவும் அஃது அறிவிக்கப்பெற்றது.

அன்றைய புலவர்க்குப் பறவை வெறும் உவமையன்று. திசையும் பருவமும் அறிந்து பேசத்தக்க உயிர். அப்பார்வை மங்கும்போது, நீர்நிலை சுருங்குவதும் எவர் கண்ணிலும் படாமற் போகிறது. வந்திறங்க நீரில்லையேல் தூது செல்லப் பறவையும் இராது. ஐப்பசியில் ஒருமுறையேனும் கழுவெளிக் கரையில் நின்று, வருவன எவை, வாராதன எவை என்று எண்ணிப் பார்த்தல் இன்றைய கவிஞர் தம் முன்னோர்க்குச் செலுத்தும் கடனாகும்.