கரடுமுரடான தாடி, எளிதில் எரியும் சருமம்: சவர பிளேடைத் தேர்வு செய்வது எப்படி?

தாடி முடி தடித்தும் அடர்ந்தும் இருப்பவர்களுக்கு முகச்சவரம் அன்றாடச் சிக்கலாகவே உள்ளது. சருமமும் எளிதில் எரிச்சலடையும் தன்மை கொண்டதாக இருந்துவிட்டால், சிவந்த கழுத்து, சிறு கொப்புளங்கள், ஆறாத கீறல்கள் ஆகியவை தொடர்கதையாகின்றன. இத்தகையோரில் பலர், கூர்மை குறைந்த பிளேடே சருமத்துக்குப் பாதுகாப்பானது என்று கருதி அதையே தேடி வாங்குகின்றனர். தடித்த தாடியைப் பொறுத்தவரை இந்தக் கணிப்பு பெரும்பாலும் தவறாகவே முடிகிறது.

கூர்மை குறைந்த பிளேடு தடித்த முடியை ஒரே வீச்சில் வெட்டாது. அதை இழுத்து, வளைத்து, பிறகே அறுக்கும். முடி இழுபடும்போது வேர்க்காலைச் சுற்றியுள்ள சருமமும் இழுபடுகிறது. முடி எஞ்சி நிற்பதைக் கண்டதும் கை தானாகவே ரேசரை அழுத்துகிறது; அதே இடத்தில் மூன்றாம், நான்காம் முறையும் பிளேடு ஓடுகிறது. எரிச்சலின் பெரும்பகுதி இந்த அழுத்தத்தாலும் மறுவீச்சுகளாலும் உண்டாவதே. எனவே தடித்த தாடிக்கும் மென்மையான சருமத்துக்கும் பொருந்தும் விதி இதுதான்: பிளேடு கூராக இருக்க வேண்டும், கை இலேசாக இருக்க வேண்டும்.

முடியிடம் தோற்கும் எஃகு

அமெரிக்காவின் கிங் கேம்ப் ஜில்லெட் உருவாக்கிய, பிளேடு மாற்றத்தக்க சேஃப்டி ரேசர் 1903-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. முதல் ஆண்டில் 51 ரேசர்களும் 168 பிளேடுகளும் மட்டுமே விற்றன. 1904-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. தொடக்கக் கால பிளேடுகள் கார்பன் எஃகால் ஆனவை. ஈரம் பட்டால் விரைவில் துருப்பிடிக்கும். 1960-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் வில்கின்சன் ஸ்வார்டு நிறுவனம் துருப்பிடிக்காத எஃகு பிளேடைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு, பிற நிறுவனங்களும் அந்த வழிக்கு மாறின.

இன்றைய பிளேடு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. தலைமுடியைவிட எஃகு பல மடங்கு கடினமானது. அப்படியிருந்தும் சில சவரங்களிலேயே பிளேடு ஏன் மழுங்குகிறது என்ற கேள்விக்கு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள் 2020-ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் விடையளித்தனர். பிளேடு எஃகைவிட முடி சுமார் 50 மடங்கு மென்மையானது. ஆனாலும் முடி வளைந்து, பக்கவாட்டுக் கோணத்தில் விளிம்பின் பலவீனமான புள்ளியில் மோதும்போது, அங்கே நுண்ணிய சில்லு பெயர்கிறது. சீராகத் தேய்வதைவிட இப்படிச் சில்லுச் சில்லாக உடைவதே பிளேடு மழுங்குவதற்கு முக்கியக் காரணம் என்பது அவர்களின் முடிவு.

தடித்த தாடி உள்ளவரின் பிளேடு விரைவில் கெடுவதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். சில்லு பெயர்ந்த விளிம்பு கண்ணுக்குத் தெரியாது, சருமத்துக்குத் தெரியும்.

உறையில் எழுதியிருப்பதன் பொருள்

பிளேடு உறைகளில் 'ஸ்டெயின்லெஸ்', 'பிளாட்டினம்', 'குரோம்' போன்ற சொற்கள் காணப்படுகின்றன. ஸ்டெயின்லெஸ் என்பது அடிப்படை உலோகத்தைக் குறிக்கும். பிளாட்டினம், குரோமியம் ஆகியவை விளிம்பின் மீது பூசப்படும் மிக மெல்லிய படலங்கள். விளிம்பு விரைவில் சிதையாமல் காப்பது இவற்றின் பணி. இவற்றுக்கும் மேலாக, ஒட்டாத சமையல் பாத்திரங்களில் பயன்படும் வகையைச் சேர்ந்த பாலிமர் படலமும் பூசப்படுகிறது. பிளேடு முடியினூடே வழுக்கிச் செல்ல உதவுவது இதுவே.

தடித்த தாடிக்கும் மென்சருமத்துக்கும் பூச்சுள்ள ஸ்டெயின்லெஸ் பிளேடே ஏற்றது. மிகக் குறைந்த விலையில் இன்றும் கிடைக்கும் கார்பன் எஃகு பிளேடுகளைத் தவிர்ப்பது நல்லது. அதேவேளை, 'பிளாட்டினம்' என்ற சொல் மட்டுமே கூர்மைக்கு உறுதியளிப்பதில்லை. விளிம்பு தீட்டப்பட்ட விதமும் பூச்சின் தரமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும்.

இந்தியச் சந்தையில் ஜில்லெட்டின் 7 ஓ'கிளாக், டோபாஸ், லேசர் உள்ளிட்ட பிளேடுகள் பரவலாகக் கிடைக்கின்றன. ஜப்பானின் ஃபெதர் போன்ற வெளிநாட்டு பிளேடுகள் இணையவழி விற்பனையில் கிடைக்கின்றன. ஃபெதர் மிகக் கூரிய பிளேடு எனப் பெயர் பெற்றது. கை பழகாதவர்கள் முதலில் இதிலிருந்து தொடங்காமல் இருப்பது நலம். இருமுனை பிளேடின் வடிவம் பொதுவானது என்பதால், ஒரு நிறுவனத்தின் பிளேடு மற்றொரு நிறுவனத்தின் ரேசரிலும் பொருந்தும். ஆகவே ரேசரை மாற்றாமலேயே பல பிளேடுகளைச் சோதித்துப் பார்க்க இயலும்.

வீட்டிலேயே சோதிக்கும் முறை

ஒருவருக்குச் சிறந்த பிளேடு மற்றவருக்கு ஒத்துவராமல் போகலாம். முடியின் தடிமன், வளரும் திசை, சருமத்தின் தன்மை, ரேசரின் அமைப்பு ஆகிய அனைத்தும் சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கின்றன. எனவே மூன்று அல்லது நான்கு வகை பிளேடுகளின் சிறு பொட்டலங்களை வாங்கி ஒப்பிடுவதே நம்பகமான வழி.

ஒப்பிடும் காலத்தில் ரேசர், ஷேவிங் கிரீம், சவரம் செய்யும் நேரம் ஆகியவற்றை மாற்றக் கூடாது. ஒவ்வொரு வகையிலும் புதிய பிளேடு ஒன்றை எடுத்து மூன்று சவரங்கள் செய்து பார்க்க வேண்டும். சருமம் புண்பட்டிருக்கும்போது ஒப்பீட்டைத் தொடங்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் கீழ்க்கண்டவற்றைக் குறித்துக்கொள்ளலாம்.

* முதல் வீச்சிலேயே முடி இழுபட்டால், பிளேடின் கூர்மை போதவில்லை அல்லது முடி போதிய அளவு நீரில் ஊறவில்லை.

* முடி இழுபடாமல் வெட்டுப்பட்டும் பத்து நிமிடங்களுக்குப் பின் எரிச்சல் நீடித்தால், பிளேடைக் குறைகூறும் முன் கையின் அழுத்தத்தையும் ரேசர் பிடிக்கும் கோணத்தையும் கவனிக்க வேண்டும்.

* முதல் சவரம் நன்றாக இருந்து மூன்றாவது சவரத்தில் இழுபட்டால், அந்த பிளேடு அந்தத் தாடிக்கு இரண்டு முறை மட்டுமே தாங்கும்.

* சவரம் சிறப்பாக அமைந்தும் ஓரிரு நாள்களில் கொப்புளங்கள் தோன்றினால், தேவைக்கு மேல் ஒட்டச் சவரம் செய்யப்படுகிறது என்று பொருள்.

எந்த பிளேடாலும் எரிச்சல் தீரவில்லை என்றால் ரேசரையும் ஆராய வேண்டும். சில ரேசர்களில் பிளேடு விளிம்பு சற்று அதிகமாக வெளியே நீண்டிருக்கும். அவை அடர்ந்த தாடியை விரைவாக வெட்டினாலும் சருமத்தைப் பதம் பார்க்கும். விளிம்பு குறைவாக வெளித்தெரியும் மென்மையான ரேசரில் கூரிய பிளேடைப் பொருத்துவது, இவ்விரு சிக்கல்களும் உள்ளவர்களுக்கு நல்ல தொடக்கமாகும்.

தயாரிப்பும் கைப்பழக்கமும்

நீரில் ஊறிய முடி மென்மையடைகிறது. அதை வெட்டத் தேவைப்படும் விசையும் குறைகிறது. குளித்த பிறகு சவரம் செய்யலாம். இயலாதவர்கள் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை மூன்று நிமிடங்கள் தாடியின் மீது வைத்திருக்கலாம். ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீரில் சோப்பு சரியாக நுரைக்காது. அத்தகைய பகுதிகளில் வசிப்போர் சவரத்துக்கு மட்டும் ஒரு குவளை நன்னீரைப் பயன்படுத்தினால் வேறுபாடு உடனே தெரியும்.

முடி வளரும் திசையைக் கைவிரல்களால் தடவி அறிய வேண்டும். கன்னத்தில் கீழ்நோக்கி வளரும் முடி, கழுத்தில் பலருக்குப் பக்கவாட்டிலோ மேல்நோக்கியோ வளர்கிறது. முதல் வீச்சு எப்போதும் வளரும் திசையிலேயே அமைய வேண்டும். மேலும் மழிக்க விரும்பினால், மீண்டும் நுரை பூசிக் குறுக்கு வாட்டத்தில் ஒருமுறை செய்யலாம். எதிர்த்திசைச் சவரம் மென்சருமத்துக்கு உகந்ததன்று. ரேசரின் சொந்த எடையே போதுமானது. கை அதை வழிநடத்தினால் போதும்.

சவரத்துக்குப் பின் பிளேடைத் துண்டால் துடைப்பது விளிம்பைக் கெடுக்கும். நீரில் அலசி, உதறி, ஈரமில்லாத இடத்தில் வைக்க வேண்டும். முகத்தில் எரிச்சல் உள்ளவர்கள் ஆல்கஹால் கலந்த ஆஃப்டர்ஷேவைத் தவிர்த்து, வாசனையற்ற ஈரப்பதக் களிம்பைப் பூசலாம். படிகாரக் கல் சிறு கீறல்களில் இரத்தக் கசிவை நிறுத்த உதவும். எனினும் சருமத்தை வறளச் செய்யக்கூடும்.

ஐந்து முதல் ஏழு சவரங்களுக்குள் பிளேடை மாற்றுமாறு அமெரிக்கத் தோல் மருத்துவ அகாதெமி பரிந்துரைக்கிறது. இது பொதுவான அளவு. தடித்த தாடி உள்ளவர்கள் அதற்கு முன்பே மாற்ற வேண்டியிருக்கலாம். எண்ணிக்கை எதுவாயினும், முடி இழுபடத் தொடங்கிய நாளே பிளேடின் கடைசி நாள்.

மருத்துவரை அணுக வேண்டியது எப்போது?

சுருண்ட, தடித்த முடி உள்ளவர்களுக்கு, வெட்டுப்பட்ட முடியின் முனை வளைந்து மீண்டும் சருமத்துக்குள் நுழைவதுண்டு. இதனால் உண்டாகும் வீக்கம் மருத்துவத்தில் 'சூடோஃபாலிகுலைட்டிஸ் பார்பே' எனப்படுகிறது. இதைப் பிளேடு மாற்றம் மட்டுமே தீர்க்காது. சில வாரங்கள் சவரத்தை நிறுத்துவது, ஒட்ட மழிக்காமல் டிரிம்மரால் முடியைச் சிறிதளவு விட்டு வெட்டுவது ஆகியவை பலனளிக்கும். கொப்புளங்களில் சீழ் பிடித்தாலோ, கருந்தழும்புகள் பரவினாலோ தோல் மருத்துவரை அணுக வேண்டும். நீரிழிவு நோயாளிகளும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்களும் சிறு கீறல்களையும் அலட்சியப்படுத்தக் கூடாது.

ஒருவருக்கு ஒரு பிளேடு

சவர பிளேடை ஒரே வீட்டில் உள்ளவர்களும் பகிர்ந்துகொள்ளக் கூடாது. ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, எச்ஐவி ஆகியவை இரத்தத்தின் வழியே பரவுபவை. இவற்றுள் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, உலர்ந்த பரப்பிலும் குறைந்தது ஏழு நாள்கள் தொற்றும் திறனுடன் இருக்கக்கூடியது. கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம்கூடத் தொற்றுக்குப் போதுமானதாகலாம். ஹெபடைட்டிஸ் பி நோய்க்குத் தடுப்பூசி உண்டு.

முடிதிருத்தகத்தில், தமது கண்முன்னே உறை பிரித்துப் புதிய பிளேடு பொருத்தப்படுகிறதா என்பதை வாடிக்கையாளர் உறுதிசெய்ய வேண்டும். பலருக்கும் பொதுவாகத் தேய்க்கப்படும் படிகாரக் கல்லை மறுத்துவிடலாம். இதைக் கேட்பதில் கூச்சம் தேவையில்லை. இந்தக் கவனம் முடிதிருத்துநருக்கும் பாதுகாப்பே.

பயன்படுத்திய பிளேடைக் குப்பைப் பையில் அப்படியே வீசுவது, அதைத் தரம்பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் கையைக் கிழிக்கும். மூடியுள்ள பழைய தகர டப்பா ஒன்றில் சிறு பிளவு ஏற்படுத்தி, பழைய பிளேடுகளை அதில் சேர்த்து வரலாம். நிறைந்ததும் டப்பாவை இறுக மூடி, உள்ளே பிளேடு இருப்பதைச் சொல்லித் தனியே ஒப்படைக்க வேண்டும். சில ரூபாய் விலையுள்ள ஒரு பிளேடு, அதை வாங்கியவரின் முகத்தோடு அதன் பயணத்தை முடித்துக்கொள்வதில்லை.