தன் கணக்கைத் தானே பார்த்தால்



தன் கணக்கைத் தானே பரிசோதிப்பவன் பிழை காணமாட்டான். இது கணக்காளனாக நான் கண்டது.

1995 மார்ச்சில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை, அங்கத்தவர் பதவிக்காலத்தை 12 ஆண்டுகளாக மட்டுப்படுத்தும் அரசியலமைப்புத் திருத்தத்தை வாக்கெடுப்புக்கு விட்டது. ஆதரவு 227, எதிர்ப்பு 204. மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் தோற்றது. 23 மாநிலங்கள் தாமே விதித்திருந்த வரம்புகளும் அரசியலமைப்புத் திருத்தமின்றிச் செல்லாதென மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திரும்பவும் அதே அங்கத்தவர்களின் கையில்!

எங்களுக்கும் இது புதிதல்ல. 1982 டிசம்பரில் இலங்கைப் பாராளுமன்றம், தேர்தல் இல்லாமலே தன் ஆயுளை ஆறு ஆண்டு நீட்ட மக்கள் தீர்ப்புக் கேட்டது. நான் அப்போது பள்ளி மாணவன். யாழ்ப்பாணம் ‘வேண்டாம்’ என்று குடத்துக்கு வாக்களித்தது. நாட்டில் விளக்கு வென்றது.

நீட்டுவதற்கு வழி கிடைத்தது. குறைப்பதற்குத்தான் கிடைப்பதில்லை.