டிவி கேமில் ஆள் ஏன் மினுங்கினான்?

 

பாடசாலைக்குக் கணினி வாங்கக் காசு சேர்க்கிறோம். பெற்றோர் கூட்டத்தில் போன வாரமும் ஒரே கேள்வி: "எதில படம் நல்லா வரும் சேர்?" அங்கே விளக்க நேரமில்லை. அதனால் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் பழைய கதை.

எங்கள் வயதுக்காரர்களுக்கு டிவி கேம் ஞாபகம் இருக்கும். லயத்தில் ஒரு வீட்டில் டிவி இருந்தால் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான். எதிரிகள் ஒரே வரிசையில் கூடினால் ஆட்கள் மினுங்குவார்கள். கசெட் பழுது என்று ஊதி ஊதிப் போடுவோம். பழுதே இல்லை. அவை நின்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகொமின் நகல்கள். திரையின் ஒரு கிடைக்கோட்டில் எட்டு உருவத் துண்டுகளுக்கு மேல் அதால் காட்ட முடியாது. ஒன்பதாவது மறைந்துபோகும். ஒருவரே மறையாமல் இருக்க, மாற்றி மாற்றிக் காட்டும்படி நிரல் எழுதினார்கள். அதுதான் மினுக்கம்.

அந்தத் துண்டுக்குப் பெயர் ஸ்பிரைட். படத்துக்கு மேல் கண்ணாடித்தாளில் வரைந்த ஆளை வைத்து நகர்த்துவது போல. கீழே உள்ள படம் கெடாது. 1982இல் வந்த கொமடோர் 64 வீட்டுக் கணினியில் இப்படி எட்டு ஸ்பிரைட்டுகள், ஒவ்வொன்றும் 24க்கு 21 புள்ளி. இடத்தைக் குறிக்கும் எண்ணை மாற்றினால் ஆள் நகர்வான். இரண்டு மோதினால் அதையும் சிப்பே சொல்லிவிடும்.

அதே வருடம் பிரித்தானியாவில் வந்த சின்கிளேயர் ஸ்பெக்ட்ரமில் இது எதுவும் இல்லை. ஆளை அழித்து, பின்னணியைத் திரும்பப் போட்டு, பக்கத்தில் ஆளை மறுபடி வரைய வேண்டும். எல்லாம் நிரலின் வேலை. விலையைக் குறைக்க நினைவகத்திலும் சிக்கனம்: 256க்கு 192 புள்ளித் திரைக்கு வெறும் 6,912 பைட். எட்டுக்கு எட்டுக் கட்டம் ஒன்றில் இரண்டே நிறம். சிவப்புச் சட்டைக்காரன் பச்சை மரத்தைத் தாண்டினால் மரமும் சிவக்கும்! ஆனால் 125 பவுணுக்குக் கிடைத்தது. சாதாரண வீடுகளுக்குள் போனது.

எங்களுக்குப் பிடித்தது மூன்றாவது, 1981 டிசம்பரில் வந்த பிபிசி மைக்ரோ. இதிலும் ஸ்பிரைட் இல்லை. 32 கிலோபைட் நினைவகத்தில் எட்டு நிறப் படத்திரை ஒன்றே 20ஐ விழுங்கிவிடும். ஆனால் கோடு வரைவதில் வேகம். ஒரு சமன்பாட்டின் வரைபை பேசிக் மொழியில் சில வரிகளில் பிள்ளையே வரையலாம். இந்தியா 1984இல் 'கிளாஸ்' திட்டத்தில் பள்ளிகளுக்குக் கொடுத்தது இதைத்தான். ஆனால் கூட வந்த பாட மென்பொருட்களில் பெரும்பகுதி பிரித்தானியாவில், ஆங்கிலத்தில் செய்தவை. கிராமத்துப் பிள்ளைக்கு அது எவ்வளவு தூரம் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தமிழ் எழுத்து? மூன்றிலும் ஓர் எழுத்துக்கு எட்டுக்கு எட்டுப் புள்ளிதான். தமிழை நாமே வரைந்து ஏற்ற வேண்டும். ஸ்பெக்ட்ரமில் அதற்கென ஒதுக்கிய இடம் 21. உயிரும் மெய்யும் ஆய்தமுமே 31! பிபிசியில் சாதாரணமாக 32 இடம், அதாவது ஒன்றே மிச்சம். கு, கூ, கொம்பு, கால் எல்லாம் எங்கே போகும்?

தரம் 9 பிள்ளைகளிடம் சதுரக் கோட்டுக் கொப்பியில் இதைச் செய்து பார்க்கச் சொன்னோம். ட, ப ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ண-வில் வகுப்பே நின்றுவிட்டது. எட்டுப் புள்ளி அகலத்தில் அத்தனை சுழியும் கோடும் எப்படி அடங்கும்? கடைசி வாங்கில் இருந்த பிள்ளை ஒன்று, ஃபோனில் கேம் ஆடுவதைத் தவிர ஒன்றும் தெரியாது என்று நாங்கள் நினைத்திருந்த பிள்ளை, இரண்டு கட்டத்தை ஒட்டிப் 16 புள்ளியில் வரைந்து காட்டியது. அன்றைய நாட்களில் உண்மையிலேயே செய்யக்கூடிய வழி அது.

ஆகவே அடுத்த கூட்டத்தில் எந்தக் கணினியில் படம் நல்லா வரும் என்று கேட்பதோடு, அதில் பிள்ளை என்ன வரையப் போகிறது, யார் சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள் என்றும் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியவர்களில் நாங்களும் இருக்கிறோம்.

"அப்ப ணை எப்படி சேர்?" என்று அந்தப் பிள்ளை கேட்டது. அதற்குள் மணி அடித்துவிட்டது.