டிரோல்: துப்பாக்கிக்காரர்களின் கொடி

கொடிகளைப் பற்றி எழுதப்படும் சரித்திரங்கள் பெரும்பாலும் வர்ணத்தையும் சின்னத்தையும் விவரிப்பதோடு முடிந்துவிடுகின்றன. கொடிக்கு அர்த்தம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி எழுவதில்லை. ஏந்துகிறவனைவிடத் தடை செய்கிறவனே பல சமயம் அதைத் தீர்மானித்துவிடுகிறான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆல்ப்ஸ் மலைப் பிரதேசமான டிரோலில் 'ஷூட்ஸன்' எனப்படும் துப்பாக்கிக்காரர் சங்கங்களின் கொடிகள் இதற்குச் சாட்சி.

பொழுதுபோக்குக்காகக் குறிபார்த்துச் சுடுகிறவர்கள் என்று இவர்களை எண்ணிவிடக் கூடாது. 1511இல் பேரரசர் மாக்ஸிமிலியன் அளித்த சாசனம் டிரோல்காரர்கள் தங்கள் நாட்டைத் தாங்களே காக்க வேண்டும் என்றது. எல்லைக்கு வெளியே நடக்கும் போர்களுக்குப் போக அவர்கள் கடமைப்பட்டவர்கள் அல்லர் என்றும் சொன்னது. ஆபத்தின் அளவுக்கேற்ப 20,000 பேர்வரை திரட்டலாம். விவசாயியும் விடுதிக்காரனும் துப்பாக்கி பழகியது இந்தப் பின்னணியில்தான். ஊருக்கு ஒரு படை. படைக்கு ஒரு கொடி.

அந்தக் கொடிகளில் பெரும்பாலும் ஒரு பக்கம் டிரோலின் சிவப்புக் கழுகு இருக்கும். மறுபக்கம் மாதாவோ இயேசுவின் திருஇருதயமோ இருக்கும். 1796இல் நெப்போலியனின் சேனை நெருங்கியபோது போட்ஸன் நகரில் கூடிய பிரதேச சபை நாட்டைத் திருஇருதயத்துக்கு ஒப்புக்கொடுத்து நேர்ந்துகொண்டது. புதுக் கொடியைப் பாதிரியார் மந்திரிப்பார். ஊர்ப் பெண் ஒருத்தி அதற்கு ஞானத்தாயாக நிற்பாள். நாட்டுப்பற்று என்று நாம் இன்று சொல்வதற்கும் இதற்கும் தூரம் அதிகம். இது ஊரும் சாமியும் சேர்ந்த விஷயம். மொழிக்கு இதில் இடமே இல்லை.

1805இல் டிரோல் பவேரியாவுக்குக் கைமாறியது. 1808இல் பவேரிய அரசு பிரதேசத்தை இன், ஐசாக், எட்ஷ் என்று நதிகளின் பெயரால் மூன்று மாவட்டங்களாகக் கூறுபோட்டது. டிரோல் என்ற பெயர் வரைபடத்திலிருந்து போயிற்று. நள்ளிரவுக் கிறிஸ்துமஸ் பூசைக்குத் தடை வந்தது. சாசனத்தை மீறிக் கட்டாய ராணுவ ஆள்சேர்ப்பும் வந்தது. 1809இல் விடுதிக்காரர் ஆண்ட்ரேயாஸ் ஹோஃபர் தலைமையில் கிளர்ச்சி வெடித்தது. 1810 பிப்ரவரியில் மாந்துவாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கவனிக்க வேண்டியது ஒன்று: பெயரை அழித்த பவேரியர்களும் ஜெர்மன் பேசும் கத்தோலிக்கர்களே. எதிர்த்தவர்களில் டிரோலின் தென்கோடியில் இருந்த ட்ரென்டினோவின் இத்தாலி மொழிக்காரர்களும் உண்டு. அந்தப் போரை மொழிப்போர் என்று யாரும் சொல்ல முடியாது.

முதல் உலகப் போருக்குப் பின் 1919 ஒப்பந்தம் டிரோலை வெட்டியது. பிரென்னர் கணவாய்க்குத் தெற்கே இருந்ததில் பெரும்பகுதி இத்தாலிக்குப் போயிற்று. 1923இல் பாசிஸ்ட் அரசு டிரோல் என்ற பெயரைப் பயன்படுத்துவதையே தடை செய்தது. பள்ளிகளில் ஜெர்மன் நின்றது, ஊர்ப் பெயர்கள் மாறின, சங்கங்கள் கலைக்கப்பட்டன. கொடிகள் வீதியிலிருந்து மறைந்தன. நூறு வருஷத்துக்குச் சற்று அதிகமான இடைவெளியில் ஒரே பெயர் இரண்டு முறை அழிக்கப்பட்டது. ஆனால் இம்முறை அழித்தவன் வேறு மொழிக்காரன். கழுகின் அர்த்தம் இங்கேதான் திரும்புகிறது.

1939இல் ஹிட்லரும் முசோலினியும் செய்துகொண்ட உடன்பாடு இதன் உச்சம். மொழி வேண்டுமென்றால் மண்ணை விட்டு ஜெர்மனிக்குப் போ. மண் வேண்டுமென்றால் மொழியை விட்டு இத்தாலியனாக இரு. மிகப் பெரும்பான்மையோர் போவதாகக் கையெழுத்திட்டார்கள்; உண்மையில் போனவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். இருக்க முடிவு செய்தவனைப் போகிறவன் துரோகி என்றான்; போகிறவனை இருக்கிறவனும் அப்படியே சொன்னான். மண்ணைக் காப்பதற்கென்று பிறந்த கொடியின் கீழ் நின்ற ஜனங்கள், மண்ணைத் துறப்பதற்கு ஒப்பமிட்டார்கள். சர்வாதிகாரம் மனிதனைக் கொல்வதற்கு முன் இப்படி ஒரு கேள்வியை அவன் முன் வைத்துவிடுகிறது. எந்தப் பதில் சொன்னாலும் அவன் பாதியாகிவிடுகிறான்.

1958இல் தென் டிரோல் ஷூட்ஸன் சம்மேளனம் ஏற்பட்டது. 1972இல் விரிவான சுயாட்சி கிடைத்தது. கொடிகள் மறுபடி ஊர்வலம் போகின்றன. ஆனால் இப்போது அவை மொழியின் கொடிகள். இத்தாலியிலிருந்து பிரிய வேண்டும் என்ற குரல் அந்தச் சம்மேளனத்திலிருந்து எழுகிறது. போட்ஸன் நகரில் இன்று இத்தாலி மொழிக்காரர்களே பெரும்பான்மை. அவர்களில் பலர் முசோலினி காலத்து ஆலைகளுக்குக் கூலிக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். தெருவில் கழுகுக்கொடி வரும்போது அவர்கள் எங்கே நிற்பது? ஒருகாலத்தில் அடிபட்ட கொடி என்பதற்காக, இன்று அது யாரையும் அடிக்காது என்று சொல்லிவிட முடியாது.

இதற்கு ஒரு மறுப்பும் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ட்ரென்டினோவில் இத்தாலி மொழி பேசுகிறவர்கள் தங்கள் பழைய படைகளை மறுபடி அமைத்தார்கள். அதே கழுகு, அதே திருநாள்கள். பேச்சு மட்டும் வேறு மொழியில். சடங்கு மோகம் என்று அவர்களைப் பரிகசிக்கலாம். எனக்கோ, தடையாணைகளுக்கு முன்னால் அந்தத் துணிக்கு இருந்த அர்த்தத்தின் மிச்சம் அங்கேதான் இருப்பதாகப் படுகிறது. மொழிக்காக நிற்பது குற்றமல்ல; பறிக்கப்பட்டவனுக்கு வேறு வழியுமில்லை. ஆனால் பறித்தவன் போட்ட கோட்டையே தன் எல்லையாக ஏற்றுக்கொள்ளும்போது, அவனுடைய ஆணை ரத்தான பிறகும் அமலில்தான் இருக்கிறது.